குதிரைத் தீவனத்தில் சர்க்கரை: அளந்து அறியும் முறை

ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து நிறுத்தும் வழக்கம் இராமநாதபுரம் ஜில்லாவில் இன்றும் காணப்படுவது. உயிருள்ள குதிரையோ அரிதாகிவிட்டது. இராமேசுவரத்தில் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற ஜட்கா வண்டிகளின் தொழிலை மோட்டார் வாகனங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. ஆயினும் வண்டிக்கும் சவாரிக்கும் மட்டக்குதிரை வைத்திருப்போரும், பாரம் சுமக்கக் கழுதை வைத்திருப்போரும் முற்றும் இல்லாமற் போகவில்லை. இவர்கள் தொகையிற் குறைந்தவர்களாகையால், குதிரைக்கென்று தனித் தீவனம் விற்பார் கிராமங்களில் இல்லை. மாட்டுக்கென்று வரும் சோளத்தட்டையையும் வைக்கோலையும் கடலைக்கொடியையும் வாங்கியே குதிரைக்கும் போடுகின்றனர்.

மாட்டுக்கு நல்ல தீவனம் குதிரைக்கும் நல்லதே என்னும் எண்ணம் இதற்கு அடிப்படை. இவ்வெண்ணம் பாதி உண்மை. சர்க்கரையும் மாச்சத்தும் மிகுந்த தீவனம் கறவை மாட்டுக்குப் பாலைப் பெருக்கலாம். அதே தீவனம் சில குதிரைகளை நடக்கவொட்டாமற் செய்துவிடும். ஆகவே தீவனத்தில் எவ்வளவு சர்க்கரை உள்ளது என்பதை அறிதல் குதிரை வளர்ப்போருக்கு அவசியமாகின்றது. அதனைக் கண்ணாலும் நாவாலும் அறிய இயலாது. அளந்தே அறிய வேண்டும். அளக்கும் முறையும், அளந்தபின் செய்ய வேண்டுவனவும் இங்கே விளக்கப்படுகின்றன.

பழைய வரலாறு தரும் பாடம்

பாண்டிய நாட்டுக் கரை ஒரு காலத்தில் குதிரை வாணிகத்துக்குப் பேர்பெற்றது. பாண்டிய மன்னன் குதிரை வாங்கத் தந்த பொருளுடன் மாணிக்கவாசகர் சென்றதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததுமான கதையை அறியாதவர் இந்நாட்டில் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து வணிகர், ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதை விவரித்துள்ளார். பாண்டிய அரசர் ஒருவரே வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்கியதாகவும், வருஷ முடிவில் அவற்றில் 100கூட உயிரோடு எஞ்சவில்லை என்றும் அவர் கூறுகின்றார்.

ஏறக்குறைய அதே காலத்தில் பாரசீக சரித்திர ஆசிரியரான வஸ்ஸாப் என்பவரும் இவ்வாணிகத்தைப் பற்றி எழுதினார். கீஷ் தீவின் தலைவரான ஜமாலுத்தீன் என்பவர் வருஷந்தோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்றும் அவர் குறிக்கின்றார்.

இத்தனை விலையுயர்ந்த குதிரைகள் என்ன தின்றன என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. சோறும் வேகவைத்த இறைச்சியும் பிற சமைத்த உணவுகளும் கொடுக்கப்பட்டன என்று மார்க்கோ போலோ எழுதினார். வறுத்த தானியத்தில் நெய் கலந்து கொடுத்தனர் என்றும், காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தனர் என்றும், கொழுக்கும்படி 40 நாள் லாயத்தில் முளையில் கட்டி வைத்தனர் என்றும் வஸ்ஸாப் எழுதினார். அதன்பின் பழக்காமலே அவற்றின்மீது ஏறிச் சவாரி செய்தனராம். வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சில நாளில் தளர்ந்து பயனற்றுப்போயின என்பது அவர் கூற்று.

இவ்வெண்கள் சற்று மிகைப்பட்டனவாக இருக்கலாம். வெப்பம், கடற்பயணத்தின் களைப்பு, லாடம் கட்டத் தெரிந்தவர் இல்லாமை முதலியனவும் அம்மரணங்களுக்குக் காரணமாயிருந்திருக்கும். எனினும் நிறைந்த மாச்சத்தும், 40 நாள் அசையாத நிலையும், பின் திடீரென்று கடும் ஓட்டமும் சேர்ந்தால் குதிரைக்கு என்ன நேரும் என்பதை இக்காலத்து மருத்துவ சாஸ்திரம் தெளிவாகச் சொல்லுகின்றது. அன்று குதிரையை வாங்கியவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். தமக்குச் சிறந்ததென்று தோன்றிய ஆகாரத்தையே கொடுத்தனர். அன்பு இருந்தது, அளவு தெரியவில்லை.

இதற்கு மாறான காட்சியும் இக்கடலிலேயே உண்டு. இராமேசுவரத்துக்கு வடகிழக்கே பாக் நீரிணையில் உள்ள நெடுந்தீவில், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் காட்டு விலங்குகள்போல் திரிகின்றன. கடும் வேனிலில் ஜலமும் புல்லும் குறைந்து அவை வருந்துவதுண்டு. ஆயினும் சோறும் வெல்லமும் இன்றி, பரந்த வெளியில் நடந்து நடந்து முரட்டுப் புல்லைத் தின்றே அவை பல தலைமுறைகளாக நிலைத்திருக்கின்றன. குதிரையின் உடல் இத்தகைய ஆகாரத்துக்கே அமைந்தது.

மாட்டின் வயிறும் குதிரையின் வயிறும்

மாடு தின்ற தீவனம் முதலில் பெருவயிற்றை அடைகின்றது. அங்குள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையிற் பெரும்பகுதியை உடனே தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன. ஆதலால் மாட்டின் இரத்தத்தில் தீவனச் சர்க்கரை நேராகச் சேர்வது மிகக் குறைவு. மாட்டுக்கும் எல்லை உண்டு. கலியாண வீட்டுச் சோற்றை அளவின்றித் தின்ற மாடு வயிறு புளித்து இறந்ததைக் கிராமத்தார் பலர் கண்டிருப்பர்.

குதிரைக்கு இரைப்பை ஒன்றே, அதுவும் சிறியது. அதைக் கடந்து சிறுகுடலை அடையும் சர்க்கரையும் மாச்சத்தும் அங்கே செரித்து நேராக இரத்தத்திற் கலக்கின்றன. நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பெருங்குடலோ குதிரைக்குப் பின்புறத்தில் இருக்கின்றது. ஒரே வேளையில் மாச்சத்து அதிகமானால் சிறுகுடலிற் செரியாத மிச்சம் பெருங்குடலுக்குள் பாய்ந்து, அங்கே அமிலம் உண்டாக்கி, நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும். வயிற்று வலியும் கழிச்சலும் குளம்பு நோயும் இதனால் வருவன.

குளம்பு நோய் உண்டாகும் வகை

குளம்பின் கெட்டியான ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் ஏடு ஏடாக அமைந்த மெல்லிய திசு பிணைத்து வைத்திருக்கின்றது. குதிரையின் பாரம் முழுவதும் இப்பிணைப்பிலேயே தொங்குகின்றது. இது வீங்கித் தளர்ந்தால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பும். குதிரை அடி எடுத்து வைக்க முடியாமல் துடிக்கும். இதனை லாமினைடிஸ் என்னும் குளம்பழற்சி என்பர். முற்றிய நிலையில் இதற்குப் பூரண குணம் அரிது.

இந்நோய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு அண்மைக் காலத்திலேயே தெளிவாயிற்று. ஆஸ்திரேலியாவில் நடந்து 2007ஆம் வருஷத்தில் வெளியான பரிசோதனையில், ஆரோக்கியமான மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்ஸுலின் என்னும் சுரப்புநீர் அதிக அளவில் ஏற்றப்பட்டபோது, 72 மணி நேரத்துக்குள் அவற்றுக்குக் குளம்பழற்சி கண்டது. இரத்தத்தில் சர்க்கரை சேரும்போது இன்ஸுலின் சுரக்கும். கொழுத்த மட்டக்குதிரைகளிலும் கழுதைகளிலும் சில, சிறிது சர்க்கரைக்கே மிகுதியான இன்ஸுலினைச் சுரக்கும் இயல்புடையன. அவற்றுக்குச் சர்க்கரை மிகுந்த புல்லே நஞ்சாகின்றது. இத்தகைய குதிரைக்கு ஆபத்தில்லாத எல்லை, உலர் எடையில் சர்க்கரையும் மாச்சத்தும் சேர்ந்து நூற்றுக்கு 10 முதல் 12 பங்குக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. கடுமையாக உழைக்கும் மெலிந்த குதிரைக்கு இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியதில்லை.

இக்கரையின் தீவனங்கள்

குளிர்நாட்டுப் புற்கள் தம் மிச்சச் சர்க்கரையை ஃப்ரக்டான் என்னும் வடிவத்தில் தண்டில் சேமிக்கின்றன. அருகு, கொழுக்கட்டைப் புல், சோளம் முதலிய உஷ்ண தேசத்துப் புற்கள் ஃப்ரக்டானைச் சேமிப்பதில்லை. இலைகளில் மாச்சத்தாகச் சேமிக்கின்றன. ஆகவே, மேல்நாட்டு முறைப்படி நீரிற் கரையும் சர்க்கரையை மட்டும் அளந்தால் இந்நாட்டுப் புல்லின் கணக்கு குறைவாகத் தோன்றும். மாச்சத்தையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

புல்லின் சர்க்கரை நாள் முழுவதும் ஒரேயளவாக இருப்பதில்லை. பகலில் வெயில் பட இலை சர்க்கரை உண்டாக்கும். இரவில் பயிர் அதனைச் செலவிட்டு வளரும். ஆதலால் விடியற்காலையில் குறைந்தும் பிற்பகலில் மிகுந்தும் இருக்கும். மழை தவறி மண் காயும்போது வளர்ச்சி முதலில் நின்றுவிடும். சர்க்கரை உண்டாவதோ சிறிது காலம் தொடரும். ஆகவே வாடத் தொடங்கிய பசும்புல், செழித்து வளரும் புல்லைவிட அதிகச் சர்க்கரை உடையதாக இருக்கலாம். வாடிய புல் ஏழைப் புல் என்று எண்ணுவது இவ்விஷயத்தில் பிழை. முற்றும் காய்ந்து, பின் மழையில் நனைந்து வெளுத்த புல்லில் சர்க்கரையிற் பெரும்பகுதி கரைந்து போயிருக்கும்.

சோளத்தட்டையில் ரகத்துக்கு ரகம் பெருத்த வேறுபாடு உண்டு. இனிப்புச் சோளத்தின் தண்டில் கரும்புபோலச் சாறு இருக்கும்; தானியம் முற்றி அறுத்து நெடுநாள் காய்ந்த நாட்டுச் சோளத்தட்டையில் சர்க்கரை மிகக் குறைந்திருக்கலாம். இரண்டும் ஒரே கட்டாக ஒரே விலைக்கு வரும். நெல் வைக்கோலில் சர்க்கரை குறைவு. ஆனால் புஷ்டியும் குறைவு. அரிசியிலோ உலர் எடையில் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு மாச்சத்தே. கருப்பட்டி ஏறக்குறைய முழுதும் சர்க்கரை.

இவற்றினும் கவனிக்க வேண்டியது சீமைக்கருவேல நெற்று. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி முதல் கடற்கரை வரையில் இம்மரம் பரவியுள்ளது. வேனிலில் உதிரும் இதன் நெற்றில் சர்க்கரை நூற்றுக்கு 20 பங்குக்கு மேலும் இருப்பதுண்டு. ஆடும் மாடும் விரும்பித் தின்னும் இந்நெற்று, அவிழ்த்துவிட்ட மட்டக்குதிரைக்கு ஓசையின்றிக் கிடைக்கும் வெல்லம் போன்றது. அளவின்றித் தின்றால் குடல் அடைத்து வயிற்று வலி உண்டாவதும் உண்டு. தீவனத்தை அளந்து போட்டும் குதிரை கொழுத்துக்கொண்டே போகுமாயின், அது மேயும் இடத்தில் நெற்று உதிர்கின்றதா என்று முதலிற் பார்க்க வேண்டும்.

எளிய கருவிகள் ஏன் போதா

பதநீரின் இனிப்பை மானி கொண்டு அளப்பதைப் பனைவெல்லத் தொழில் செய்வோர் அறிவர். ஒரு துளிச் சாற்றைக் கண்ணாடியில் இட்டு வெளிச்சத்திற் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கருவியும் கரும்பு ஆலைகளில் வழங்குகின்றது. அதனால் புல்லையும் அளந்தால் என்ன என்னும் கேள்வி எழும்.

அக்கருவி சர்க்கரையை மட்டும் அளப்பதன்று. சாற்றிற் கரைந்துள்ள பொருள்கள் யாவற்றையும் சேர்த்தே காட்டும். பதநீரிலும் கரும்புச் சாற்றிலும் கரைந்திருப்பது பெரும்பாலும் சர்க்கரையே; ஆதலால் அங்கே அக்கணக்கு பொருந்தும். புற்சாற்றிலோ உப்புகளும் அமிலங்களும் புரதமும் கலந்திருக்கும். உவர்நிலத்துப் புல்லில் உப்பு மிகும். தொண்டி முதல் மண்டபம் வரையிலும் அதற்கப்பாலும் உள்ள கடற்கரை உவரிற் பறித்த புல்லுக்குக் கருவி காட்டும் எண்ணில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு என்று பிரித்தறிய வழியில்லை. மேலும் கரையாத மாச்சத்து அதிற் காணப்படவே மாட்டாது.

மனிதருக்கு நீரிழிவு பார்க்கும் காகிதப் பட்டையும் இதற்கு உதவாது. அது குளுக்கோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரையை மட்டுமே காட்டும். மென்று பார்ப்பதாலும் பயனில்லை; மாச்சத்து நாவுக்கு இனிப்பதில்லை. ஆகவே ரஸாயன சோதனைச் சாலை ஒன்றே வழி. அங்கே தீவனத்தை உலர்த்திப் பொடியாக்கி, நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைப் பிரித்து, சேர்மானப் பொருளால் நிறம் உண்டாக்கி, அந்நிறத்தின் ஆழத்தைக் கொண்டு அளவைக் கணக்கிடுவர். மாச்சத்தை நொதிகளால் சர்க்கரையாக மாற்றி அளப்பர். ஒளிக்கதிரைப் பாய்ச்சி விரைவில் அளக்கும் முறையும் உண்டு. அது அந்தந்த நாட்டுத் தீவனத்துக்கென்று திருத்தப்பட்டிருந்தால் மட்டுமே நம்பத்தக்கது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நாமக்கல்லில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் ஒன்று உள்ளது. மாதிரியை அனுப்புமுன், நீரிற் கரையும் சர்க்கரை, மாச்சத்து ஆகிய இரண்டும் அளக்கப்படுமா என்றும், கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டறிதல் நன்று. வழக்கமான தீவனச் சோதனையில் புரதம், நார், கொழுப்பு, சாம்பல் ஆகியவையே அளக்கப்படும். அவ்வறிக்கையால் இங்குக் கூறிய காரியம் நிறைவேறாது.

மாதிரி எடுக்கும் முறை

சோதனை எவ்வளவு நுட்பமானதாயினும் மாதிரி தவறானால் முடிவும் தவறே. ஒரு கட்டின் மேற்புறத்தில் ஒரு பிடி எடுத்து அனுப்புவதால் பயனில்லை. கீழ்க்கண்டவாறு செய்யவேண்டும்.

1. ஒரே நிலத்தில் ஒரே சமயத்தில் அறுத்த தீவனத்தை ஒரு தொகுதியாகக் கொள்க. வெவ்வேறு ஊர்த் தட்டைகளைக் கலக்கலாகாது.

2. அத்தொகுதியில் 15 முதல் 20 கட்டுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் உட்புறத்திலிருந்தும் அடி, நடு, நுனி சேர ஒரு பிடி எடுக்கவும்.

3. யாவற்றையும் ஓர் அங்குல நீளத் துண்டுகளாக நறுக்கிச் சுத்தமான சாக்கின்மேல் நன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பவும்.

4. வட்டத்தை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்குகளை நீக்கவும். மிஞ்சியதை மறுபடி கலந்து அவ்வாறே பிரிக்கவும். அரைக் கிலோ அளவு எஞ்சும்வரை இதைச் செய்க. உதிர்ந்த இலைத் தூளையும் விடாமற் சேர்க்கவேண்டும்.

5. காற்றுப் புகாத பையிலிட்டு, தொகுதியின் பெயர், பயிரின் வகை, அறுத்த தேதி ஆகியவற்றை எழுதி அனுப்பவும்.

பசும்புல்லாயின் கஷ்டம் அதிகம். அறுத்த பின்னும் புல் சிறிது நேரம் உயிரோடிருந்து தன் சர்க்கரையைத் தானே செலவிடும். உடனே பனிக்கட்டியில் வைத்துக் குளிரச் செய்து விரைவில் சேர்ப்பிக்காவிடில், வயலில் இருந்ததைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும். மேலும் மேய்ச்சல் நிலத்தின் எண் அந்த நாளுக்கும் அந்த வேளைக்கும் மட்டுமே உரியது. கிடங்கில் உலர்ந்து அடுக்கப்பட்ட தொகுதியோ ஈரம் படாதவரை பெரும்பாலும் மாறாதிருக்கும். ஆகையால் உலர் தீவனத்தைச் சோதித்து வாங்குவதும், மேய்ச்சலை நேரத்தால் கட்டுப்படுத்துவதுமே கிராமத்துக்கு ஏற்ற முறையாகும். ஆபத்துள்ள குதிரையை விடியலில் அவிழ்த்து, வெயில் ஏறுமுன் கட்டிவிடுதல் நலம்.

அறிக்கையைப் படிக்கும் முறை

அறிக்கையில் இருவகை எண்கள் இருக்கலாம்: தீவனம் வந்த நிலையில் உள்ள கணக்கு ஒன்று, ஈரம் முழுவதையும் நீக்கிய உலர் எடைக் கணக்கு மற்றொன்று. ஒப்பிடுவதற்கு உலர் எடைக் கணக்கையே கொள்ளவேண்டும்.

உதாரணமாக, பசும்புல் 100 பங்கில் 75 பங்கு ஜலமும் 25 பங்கு உலர் பொருளும் என்று வைத்துக்கொள்வோர், அப்புல்லில் சர்க்கரையும் மாச்சத்தும் நூற்றுக்கு 3 என்று கண்டால் மிகக் குறைவென்று மகிழ்தல் கூடாது. அந்த 3 பங்கும் 25 பங்கு உலர் பொருளில் உள்ளவை. அதாவது நூற்றுக்கு 12. எல்லைக்கோட்டை அது தொட்டுவிட்டது. 90 பங்கு உலர் பொருளுடைய தட்டையில் நூற்றுக்கு 9 என்று கண்டால் உலர் கணக்கில் 10 ஆகும். மூன்றைவிட ஒன்பது பெரிதாகத் தோன்றினும் இங்கே தட்டையே பாதுகாப்பானது.

குதிரையை நிறுத்தலும் தீவனத்தை நிறுத்தலும்

சர்க்கரையின் எண் தெரிந்தபின் தீவனத்தின் எடையும் குதிரையின் எடையும் தெரியவேண்டும். பெரிய தராசு இல்லாதவர் அளவு நாடாவைக் கொண்டு கணக்கிடலாம். முன்னங்காலுக்குப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை முனைவரை உடலின் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதனை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறக்குறைய வரும். சுற்றளவு 145, நீளம் 140 ஆயின் எடை சுமார் 248 கிலோ.

250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு, அதாவது உலர் கணக்கில் 5 கிலோ தின்னும். தட்டை நூற்றுக்கு 10 உடையதாயின் நாளெல்லாம் சேர்ந்து 500 கிராம் சர்க்கரை உட்செல்லும். 20 உடையதாயின் ஒரு கிலோ. கட்டு ஒன்றே, எடை ஒன்றே, விலை ஒன்றே. சர்க்கரை மட்டும் இரு மடங்கு.

சோற்றின் கணக்கையும் காண்க. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாச்சத்துக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. மேற்கூறிய குதிரைக்கு அது 250 கிராம். அரைக் கிலோ அரிசிச் சோற்றில் சுமார் 400 கிராம் மாச்சத்து உண்டு; ஒரே வேளையில் எல்லை கடந்துவிடுகின்றது. தட்டையின் 500 கிராம் நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் செல்வது. சோற்றின் 400 கிராம் கால் மணியில் சென்றுவிடுவது. பழைய பாண்டிய நாட்டுக் குதிரைகளின் கதை இக்கணக்கில் அடங்கியிருக்கின்றது. இனிப்புக் கொடுத்துப் பழகிய குதிரைக்கு அதை நிறுத்துதல் கல்நெஞ்சம் என்று வீட்டார் எண்ணலாம். கொழுத்த குதிரைக்குக் கருப்பட்டியும் சோறும் கொடாமை கொடுமையன்று, காப்பாற்றுதல்.

சர்க்கரை மிகுந்த தட்டையே கையிலுள்ளதாயின், அதை எறிந்துவிட வேண்டியதில்லை, மாட்டுக்குப் போடலாம். வேறு வழியில்லாதபோது நறுக்கிய தட்டையை நல்ல ஜலத்தில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஜலத்தை வடித்துக் கொட்டிவிட்டு உடனே கொடுக்கலாம். கரையும் சர்க்கரையில் ஒரு பகுதி நீங்கும். எவ்வளவு நீங்கும் என்பது தொகுதிக்குத் தொகுதி மாறுபடும். மாச்சத்து அவ்வளவாக நீங்காது. உப்புச் சத்துகளும் சிறிது குறையும். இந்த உஷ்ணத்தில் நெடுநேரம் ஊறினால் புளித்துவிடும். உவர்க் கிணற்று ஜலத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது.

சர்க்கரை குறைந்ததனால் மட்டும் ஒரு தீவனம் குற்றமற்றதாகிவிடாது. கொழுக்கட்டைப் புல் முதலிய சிலவற்றில் ஆக்ஸலிக் அமிலத்தின் உப்பு மிகுந்து குதிரையின் சுண்ணச் சத்தைக் கட்டிவிடும். அவற்றை மட்டுமே நெடுங்காலம் கொடுத்தால் முகவெலும்பு வீங்கும். வறட்சியில் குன்றிய இளஞ்சோளத்தில் ஆடுமாடுகளைக் கொல்லும் நஞ்சு இருப்பதை உழவர் அறிவர். பசுஞ்சோளத்தையே தொடர்ந்து மேயும் குதிரைக்கு மூத்திரப்பை கெடும். ஆகவே தீவனத்தைக் கலந்து கொடுத்தலும், கால்நடை வைத்தியரின் யோசனை பெறுதலும் எப்போதும் வேண்டுவன.

நோய் கண்டால் செய்ய வேண்டியவை

பிடரி தடித்து மேடிடுதல், வால் அடியிலும் தோளிலும் கொழுப்புத் திரளுதல், குளம்பில் ஒழுங்கற்ற வளையங்கள் காணுதல் ஆகியவை முன்னெச்சரிக்கைகள். குளம்பு சூடேறி, குளம்புக்கு மேல் நாடி தடித்துத் துடித்து, முன்கால்களை நீட்டிப் பின்புறம் சாய்ந்து குதிரை நின்றால் நோய் வந்துவிட்டது.

அப்போது தானியத்தையும் பசும்புல்லையும் உடனே நிறுத்துக. நடக்கும்படி அடித்தல் பெரும்பாவம். நடத்தினால் பிணைப்பு மேலும் கிழியும். ஆழமான மெல்லிய மணலில் நிறுத்துதல் அடிக்குளம்புக்குத் தாங்குதல் தரும். உப்பு நீங்கிய மணல் இக்கரையில் எங்கும் கிடைப்பதே. குளம்பைக் குளிர்ந்த ஜலத்தில், கூடுமாயின் பனிக்கட்டி இட்ட ஜலத்தில் வைத்துத் தாமதமின்றி வைத்தியரை அழைக்க வேண்டும். பட்டினி போடுதலும் தவறு. கொழுத்த மட்டக்குதிரையும் கழுதையும் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் கொழுப்புப் பெருகி இறக்க நேரிடும். சர்க்கரை குறைந்ததென்று அறிந்த உலர் தீவனத்தை அளவாகக் கொடுத்து வரவேண்டும். அத்தகைய தீவனம் கைவசம் இருக்கவேண்டுமானால் நோய் வருமுன்பே சோதித்து வைத்திருத்தல் அவசியம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒரே ஒரு மட்டக்குதிரை வைத்திருப்பவர் ஒவ்வொரு கட்டுக்கும் சோதனைக் கட்டணம் கொடுத்தல் இயலாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு தொகுதியை வாங்கினால் ஒரு சோதனையே பத்துப் பேருக்கும் போதும். தீவனக் கிடங்கு நடத்தும் சங்கம், அறுவடைக் காலத்தில் தட்டையை வாங்கும்போதே ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கி, தொகுதிக்கு ஒரு மாதிரி அனுப்பி, வந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தொங்கவிடலாம். எண் உயர்ந்த தொகுதி கறவை மாட்டுக்காரருக்கும், எண் தாழ்ந்த தொகுதி குதிரை, கழுதை வைத்திருப்போருக்கும் ஒதுக்கப்பட்டால் இருசாராரும் பயனடைவர். எவர் தீவனமும் வீணாகாது.

ஒவ்வொரு வருஷத்து எண்ணும் ஒரு புஸ்தகத்தில் பதிவாகி வருமாயின், எந்த ஊர்த் தட்டை, எந்த ரகம், எந்த மாதத்து அறுப்பு குதிரைக்கு ஏற்றது என்பது சில ஆண்டுகளில் தானே தெளிவாகும். அத்தகைய புஸ்தகம் எந்த ஊருக்கும் விலைக்குக் கிடைப்பதன்று. அந்தந்த ஊர்ச் சங்கமே எழுதிக்கொள்ள வேண்டியது. கப்பலில் வந்த குதிரைக்கு 220 பொன் கொடுத்தவர்களுக்குக் கிட்டாத அறிவு, இன்று ஒரு பை தட்டையை அனுப்பும் சிறு செலவில் மட்டக்குதிரை வண்டிக்காரருக்கும் கிட்டும். அதைப் பெற்றுக் கொடுத்தல் கூட்டுறவுச் சங்கங்களின் கடமையாகும்.